இடப்பக்கம் சரிந்த வெட்டு

சிகப்பியைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த அன்றைக்கே, பைப்படியில் நின்றுகொண்டு ஒருத்தி சொல்கிறாள்: "மரத்தப் பாத்து ஏமாந்த பொம்பளதான இது?" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் குடத்தை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். முழங்கால் வலி விடவில்லை. விடிந்தால் பஸ் ஏறி ஃபேக்டரிக்குப் போகிறவள் அவள். பால்மரத்தை, அதுதான் ரப்பர் மரத்தை, அவள் எங்கே பார்த்தாள்? சிகப்பி ஏமாந்தாள்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மரம் வெட்டத் தெரிந்த எவளும் அந்த இடத்தில் ஏமாந்துதான் இருப்பாள். நானும் அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றேன்.

என் பெயர் நவமணி. மலாய் நாட்டில், கெடாவில், குருணுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் நடுவே இருந்த தோட்டத்தில் அவளும் நானும் ஒரே லயம், அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் வீட்டில் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். அவள் புருஷன் பிச்சை ராத்திரியில் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைத்தால் நான் சுவரில் தட்டி, "ஏ, தூங்க விடுங்கடி" என்பேன். அந்தப் பக்கம் இன்னும் கூடச் சிரிப்புக் கேட்கும்.

பிச்சை பீச்சாங்கைக்காரன். சோறு தின்பதற்கு மட்டும்தான் அவனுக்கு வலது கை. பால்கத்தி பிடிப்பது, விறகு பிளப்பது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாம் இடது கைதான். தாலி கட்டும்போதும் முடிச்சை இடது கையால் இழுத்துப் போட்டான் என்று கல்யாணத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள். "அதனாலதான் அவுக்கவே முடியல" என்று சிகப்பி சொல்லிக்கொண்டு திரிவாள். வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு மஞ்சள் கயிறு மாற்றும்போதும் அவனே கட்டுவான், அதே இறுக்கு இறுக்கி.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மரம் வெட்டுவது என்றால் பால் வடியப் பட்டையில் கோடு கீறுவது. நாங்கள் எல்லோரும் வெட்டும்போது கோட்டை இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறக்குவோம். பால் வலப்பக்கமாக வழிந்து மங்கில் விழும். மங்கு என்றால் பால் பிடிக்கிற கிண்ணம். கெடா முழுக்க எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கோடு அப்படித்தான் சரியும். பிச்சையின் கோடு மட்டும் தலைகீழ். வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் சரியும், மங்கும் இடப்பக்கம் தொங்கும். அப்படி வெட்டினால் பால் குறையும் என்று கங்காணி அவனைத் திட்டாத நாள் இல்லை. கடைசியில் அலுத்துப்போய், வெட்டித் தள்ளப்போகிற கிழட்டு மரங்கள் நின்ற ஓரத்து நிரையை அவனுக்கு ஒதுக்கிவிட்டார். அந்த நிரையில் நுழைந்தால் மரமெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாறி நிற்கும். சிகப்பி மத்தியானம் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோவாள். "எம் புருஷன் காடு" என்பாள், என்னவோ சொத்து எழுதி வாங்கின மாதிரி.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ராவோடு ராவாகக் காரில் ஏறி ஓடினான். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது, துணி போய்ச் சாக்கு வந்தது. ஒரு வருஷம் இப்படிப் போக, அடுத்த சித்திரை கழிந்ததும் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். "மூணே மாசம், திருப்பிக் கொண்டாந்து விட்ருவோம்" என்றார்கள். கேட்டு எடுத்ததும் உண்டு, பிடித்து எடுத்ததும் உண்டு. எங்கள் தோட்டத்தில் ஒரு லாரி நிறைய ஏற்றினார்கள். பிச்சை போனான். அவனோடு சதா ஒட்டிக்கொண்டு திரியும் பக்கிரிசாமி போனான். பக்கிரிக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிச்சைதான் அவனுக்கு அண்ணன், தகப்பன் எல்லாம். என் கூடப்பிறந்த அண்ணனும் அதே லாரியில்தான் ஏறினான். அவன் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் இது முடியாது.

லாரி நகரும்போது பிச்சை இடது கையை வெளியே நீட்டி ஆட்டினான். சிகப்பி தலைத்துண்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். அவன் போன பிறகு அந்தக் கிழட்டு நிரையை வெட்டிச் சாய்த்துக் கிழங்கு நட்டுவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்று மாதம் கழிந்தது. ஆடிப் பெருக்குக்கு யாரும் வரவில்லை. பழைய கயிறு வேர்வையில் கறுத்துக் கிடந்தது. "அவரு வந்து கட்டட்டும்" என்று சிகப்பி மாற்றவே இல்லை. அப்போதுதான் கோத்தா கோலா மூடாவிலிருந்து கருவாடு கொண்டுவருகிற ஆள் ஒரு சேதி சொன்னான். சயாமில் காய்ச்சல் கண்டவர்களை ரயிலில் ஏற்றி நம் ஊரையெல்லாம் தாண்டித் தைப்பிங்குக்குக் கொண்டுபோகிறார்களாம். பிழைத்து எழுந்தவர்களை அங்கே ஜப்பான் காலேஜில் வேலைக்கு வைத்துக்கொள்கிறார்களாம், வீட்டுக்கு விடுவதில்லையாம். மெய்யோ பொய்யோ, அவனுக்கு யாரோ சொன்னது. சிகப்பி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் புரட்டாசியில் ஒரு காலைப் பெரட்டில், அதாவது விடியலில் எங்களை வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சீனிவாசகம் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

"சயாமுக்கு ஆள் அனுப்புன வீட்டுப் பொம்பளைங்கள ஜப்பான் துரை ஊர் பாக்கக் கூட்டிட்டுப் போறாரு. தைப்பிங் ஏரி, பூந்தோட்டம், காலேஜு எல்லாம் காட்டுவாங்க. போட்டோ புடிப்பாங்க. சோறு உண்டு."

சோறு என்ற வார்த்தைக்கே பாதிப் பேர் கை தூக்கினார்கள். சிகப்பி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். வலியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நவமணி, சாமிதாண்டி கண்ணத் தொறந்திருக்கு."

"சாமி இல்லடி, ஜப்பான்காரன். அவன் எதுக்குக் கண்ணத் தொறக்கிறானோ?" என்றேன். அவள் காதில் விழவில்லை.

பதுக்கி வைத்திருந்த அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து வறுத்து, இடித்து, வெல்லம் போட்டு உருண்டை பிடித்தாள். அந்த நாளில் அரிசி என்பது மருந்துக்கு வைக்கிற பொருள். தன் வாய்க்கு ஒரு துளி போட்டுக்கொள்ளவில்லை. பிச்சையின் நீலக் கட்டம் போட்ட தலைத்துண்டைக் கிழித்து அதில் முடிந்தாள். ரயிலில் அதை மடியிலேயே வைத்திருந்தாள். நான் ஒரு உருண்டை கேட்டதற்குக் கையில் அடித்தாள்.

தைப்பிங்கை என்னவென்று சொல்ல? ஊரைச் சுற்றி மலை, மலைமேல் மேகம், போய் இறங்கியதும் மழை. பிறகு ஏரி. நான் அதுவரை ஏரி பார்த்ததில்லை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஆறு, இல்லாவிட்டால் பைப்பு. இங்கே தண்ணீரைச் சும்மா பார்ப்பதற்கென்றே தேக்கி, சுற்றிப் புல் வளர்த்து வைத்திருக்கிறார்கள். ரோட்டோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் ரோட்டைத் தாண்டிக் குனிந்து, கிளையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நின்றன. அழகுதான். அவ்வளவு அழகைப் பசியோடு பார்க்க வைத்தார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சாக்கை வெட்டித் தைத்த பாவாடையோடு எங்களை ஏரிக்கரையில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜப்பான் ராஜாவுக்கென்று கிழக்கே பார்த்துக் குனியச் சொன்னார்கள், குனிந்தோம். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான், சிரித்தோம். சிகப்பி மட்டும் போகிற வருகிற ஆம்பிளைகளின் முகத்தைத் தேடிக்கொண்டே இருந்தாள். அந்தப் போட்டோ எங்காவது இருந்தால் அவள் மட்டும் அதில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஏரிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய பங்களா. அதைத்தான் காலேஜ் ஆக்கியிருந்தார்கள். ஜப்பான் பாஷையும் உத்தியோகமும் படிக்க வந்த வாலிபர்கள், மலாய், சீனம், தமிழ் எல்லாம் கலந்து, மொட்டைத் தலையோடு அணிவகுத்துப் பாட்டுப் பாடிக் காட்டினார்கள். பிறகு சோற்று உருண்டையும் உப்புமீனும் கொடுத்தார்கள். கூட வந்த கிராணியிடம் சிகப்பி கெஞ்சினாள்.

"ஐயா, சயாம்லேருந்து வந்த சீக்காளிங்க எங்க இருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்கய்யா."

"வாய மூடிட்டுத் தின்னுட்டு வாம்மா. என் தலைக்கும் சேத்து ஒல வைக்காத" என்றார் அவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் பயம்.

கை கழுவப் பின்பக்கம் போகச் சொன்னார்கள். நானும் அவளும் போனோம். முள்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பால்மரம், யாரோ எந்தக் காலத்திலோ நட்டு விட்டது. கூட வந்த மற்றவர்கள் கை கழுவிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். நாங்களும் திரும்பியிருப்போம். ஆனால் மரம் வெட்டுகிறவளுக்கு மரத்தைக் கண்டால் கண் முதலில் கோட்டுக்குத்தான் போகும். சிகப்பி சட்டென்று நின்றாள்.

கோடு வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் சரிந்திருந்தது. மங்கும் இடப்பக்கம். ஒரு மரம் இல்லை, கண்ணுக்கு எட்டின அத்தனை மரமும் அப்படித்தான். கோட்டில் பால் ஈரம் இன்னும் காயவில்லை. அன்று காலையில் வெட்டியது.

"அவருதான்" என்றாள் சிகப்பி. சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. "அடி நவமணி, அவருதாண்டி."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பிறந்தது முதல் தோட்டத்தில் கிடந்தவள் நான், பிச்சையைத் தவிர ஒருத்தன் அப்படி வெட்டிப் பார்த்ததில்லை. வேறு யாரென்று நினைப்பேன்?

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க! என்னங்கோ!" என்று கத்தினாள். காவலுக்கு நின்ற ஜப்பான்காரன் ஓடிவந்து கன்னத்தில் அறைந்தான். பல்லில் ரத்தம் வந்தது. அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அறை வாங்கிக்கொண்டு ஒருத்தி அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவன் பயந்துபோய் நகர்ந்துவிட்டான். அந்த நேரத்தில் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து, மரத்துக்குப் பக்கமாக வேலிக் கம்பியில் இறுக்கிக் கட்டினாள், நீலக் கட்டம் வெளியே தெரிகிற மாதிரி.

"துண்டப் பாத்ததும் தெரிஞ்சுக்குவாரு" என்றாள். திரும்பி வரும்போது ரயிலில் தூங்கிக்கொண்டே வந்தாள். அவள் அப்படித் தூங்கி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் வேறு பொம்பளை. கிழங்கு தின்றாலும் முகத்தில் களை. கெடாவைத் தூக்கிச் சயாம்காரன் கையில் கொடுத்துவிட்டார்கள், இனித் தைப்பிங் போக எல்லை தாண்டப் பாஸ் வேண்டும் என்றார்கள். கிராணியிடம் பாஸ் கேட்டுக் கேட்டுச் சலித்தாள். கிடைக்கவில்லை. "இருக்கட்டும், உசுரோடதான இருக்காரு. சண்டை முடிஞ்சா வருவாரு" என்பாள். லயத்தில் எங்கள் எல்லோருக்கும் அவள் சொல்வது ஒரு தெம்பு. பிச்சை பிழைத்திருந்தால் நம் ஆளும் பிழைத்திருப்பான் என்ற நினைப்புத்தான். நானும் என் அண்ணனை அந்த மரங்களுக்கு நடுவே வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் ஓடியது. கார்த்திகை மழையில் பக்கிரிசாமி வந்து சேர்ந்தான். வந்தது பக்கிரிதானா என்று பார்க்க எனக்கு நேரம் பிடித்தது. எலும்பு, அதன்மேல் சாக்கு. ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே புண் அழுகி, பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே சிகப்பி வாசலுக்குத்தான் வந்து தடியை ஊன்றி நின்றான்.

சிகப்பி ஓடிவந்தாள். "பக்கிரி! வந்துட்டியா? தைப்பிங் வழியாத்தான வந்தே? அவரப் பாத்தியா?"

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தைப்பிங்கா? இல்லண்ணி. அண்ணன்…" என்று நிறுத்தினான். பிறகு சொன்னான். "அண்ணன் இல்லண்ணி. போன வருசம் ஆடியில, ஆத்தங்கரைக் கேம்புல வாந்திபேதி வந்துச்சு. எம் மடியிலதான்…"

"எந்த ஆடி?"

"போன வருச ஆடிண்ணி."

சிகப்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "கேட்டியாடி நவமணி? ஆடியில செத்தாராம்! புரட்டாசியில அவரு வெட்டுன மரத்த நான் இந்தக் கண்ணால பாத்தேன்டா. பட்டை காயல. ஆடியில செத்தவரு புரட்டாசியில எந்திரிச்சு வந்து மரம் வெட்டுனாரா?"

சத்தம் கேட்டு லயமே கூடிவிட்டது. அவள் சொன்னதைக் கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். பக்கிரி சொல்வது மெய்யானால் எங்கள் எல்லோர் வீட்டிலும் இழவு. எவளுக்கு அதைக் கேட்க மனசு வரும்? கூட்டத்தில் ராக்காயி என்று ஒருத்தி, நாக்கில் நரம்பில்லாதவள், "ஒண்டிப் பொம்பளைன்னு தெரிஞ்சு வந்து நிக்கிறாண்டி. கல்யாணம் ஆவாத பய" என்று கத்தினாள். பக்கிரிக்கு முகம் செத்துப்போனது.

"அண்ணி, நீங்க நம்ப வேணாம். கடைசியில ஒங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாரு. அத மட்டும் சொல்லிட்டுப் போயிர்றேன்."

"சொல்லாத!" சிகப்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "நீ சொன்னா நான் கேட்டேன்னு ஆயிரும். போ! போயிரு!" கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அவன் மழையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

இன்னும் இரண்டு தடவை வந்தான். அவள் கதவைத் திறக்கவில்லை. நான் அவனைக் கூப்பிட்டு, "எங்கிட்டச் சொல்லுடா, நேரம் பாத்து நான் சொல்றேன்" என்றேன். தலையை ஆட்டினான். "இல்லக்கா. அவங்ககிட்டத்தான் சொல்லணும்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. நாளு, எடம், எல்லாத்தையும் அவங்ககிட்டயே சொல்லிடுறேன். என்னைக்காவது கதவத் தொறப்பாங்க." அப்படிப்பட்டவன். ஊர் அவனை என்ன பேசியது!

சிகப்பி கல்நெஞ்சுக்காரி இல்லை. தினமும் கஞ்சி காய்ச்சி என் கையில் கொடுப்பாள். "குடுத்துட்டு வா. பொய் சொன்னாலும் பசிக்குமில்ல" என்பாள். அவள் கஞ்சிதான் அவனைத் தை மாதம் வரைக்கும் இழுத்து வைத்தது. தைப்பூசத்தன்று அவனுக்குக் குளிர்ஜுரம் கண்டது. புண்ணின் விஷம் உடம்பில் ஏறிவிட்டது. "அண்ணியக் கூப்புடுங்கக்கா" என்றான். நான் ஓடினேன். அவள் காலைப் பிடிக்காத குறை.

"வாடி. சாகப்போறவன்டி. என்னதான் சொல்றான்னு கேளு."

"வந்தா சொல்லிருவான்" என்றாள்.

"சொல்லட்டுமே. பொய்தான? கேட்டுட்டு வந்துரு."

அடுப்புக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கழுத்தில் கறுத்துக் கிடந்த கயிற்றை ஒரு கையால் பிடித்திருந்தாள். மறுநாள் விடியலில் பக்கிரி போய்விட்டான். கடைசி வரைக்கும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சண்டை முடிந்தது. பாஸ் வேண்டாம் என்று ஆனதும் முதல் ரயிலில் நாங்கள் இருவரும் தைப்பிங் போனோம். ஏரி அப்படியே இருந்தது. தூங்குமூஞ்சி மரமும் அப்படியே. காலேஜ் பூட்டிக் கிடந்தது, புல் இடுப்பளவு. பின்னால் பால்மரங்களை விறகுக்கு வெட்டிவிட்டார்கள், அடிக்கட்டைதான் மிச்சம். யாரைக் கேட்டாலும் கை விரித்தார்கள். சிகப்பி ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்து, "கப்பல்ல எங்கயாச்சும் ஏத்திட்டுப் போயிருப்பானுங்க. வருவாரு" என்றாள். மழை வந்தது. நனைந்துகொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

அதற்கு அடுத்த வருஷத் தீபாவளிக்கு முன்னால் சுங்கைப் பட்டாணிக்குச் சாமான் வாங்கப் போனோம். பாசார் பக்கத்து மளிகைக் கடையில் புதிதாக நடராஜா என்று ஒருவன், முதலாளிக்குச் சொந்தக்காரன், படித்த பிள்ளை. வாய் ஓயாத ஆள். சாமான் கட்டிக்கொண்டே கடைக்கு வந்தவர்களிடம் ஜப்பான் காலத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"தைப்பிங் காலேஜுல என்னா பாடு தெரியுமா அண்ணே? வெளக்குக்கு எண்ணெ இல்லேன்னு பால்மரத்த வெட்டி எண்ணெ காய்ச்சச் சொல்லிட்டான். எங்கள்ல எவனுக்கும் மரம் வெட்டத் தெரியாது லா! மொதல்ல வெட்டுன சீனப்பையன் கோணலா எடப்பக்கம் சாய்ச்சு வெட்டுனான். அதப் பாத்து நாங்க எல்லாரும் அப்படியே வெட்டிட்டோம். பின்னால தோட்டத்துக்காரர் ஒருத்தர் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. உலகத்துலயே தலைகீழா மரம் வெட்டுனது நீங்கதான்டான்னாரு!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். சிகப்பி கூட்டத்தை விலக்கி அவன் முன்னால் போய் நின்றாள்.

"எந்த மாசம் தம்பி?" என்று கேட்டாள்.

"எது அக்கா? மரம் வெட்டுனதா? அந்தப் புரட்டாசி, அய்ப்பசி இருக்கும். அப்ப இன்னொரு கூத்து. ஊர் பாக்க வந்த தோட்டத்துப் பொம்பளைங்கள்ல ஏதோ பைத்தியம் ஒண்ணு வேலியில ஒரு பொட்டலம் கட்டிட்டுப் போயிருச்சு. நீலக் கட்டம் போட்ட துணி. அவுத்துப் பாத்தா அரிசி மாவு உருண்டை! அந்தப் பசியில, அடடா, ஆளுக்குக் கொஞ்சமாப் பிச்சுத் தின்னோம். இன்னும் அந்த ருசி…"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். "என்னக்கா? என்னா சொல்லிட்டேன்?" அவள் "நல்லா இருந்துச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டாள். அவன் விழித்துக்கொண்டு தலையாட்டினான். அவன் என்ன கண்டான், பாவம்.

தோட்டம் வந்து சேர்ந்தோம். அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பக்கிரியைப் புதைத்த மேட்டுக்குப் போனாள். செடி முளைத்து மேடு இருக்கிற இடமே தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து மண்ணைத் தட்டினாள், கதவைத் தட்டுகிற மாதிரி.

"பக்கிரி, தொறந்துட்டேன்டா. சொல்லுடா" என்றாள். "இப்பச் சொல்லுடா பக்கிரி. நான் கேக்கிறேன்டா."

அப்புறம்தான் அழுதாள். மூன்று வருஷத்து அழுகை. புருஷன் செத்ததற்கு அழுதாளா, பக்கிரிக்கு அழுதாளா, கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தைக்கு அழுதாளா, எனக்குத் தெரியாது. நானும் என் அண்ணனுக்காக அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன். தேற்றிக்கொள்ள இருவருக்கும் ஒன்றுமில்லை.

ராத்திரி என்னைக் கூப்பிட்டுக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள். வேறு பொம்பளைகள் வேண்டாம், சடங்கு வேண்டாம் என்றாள். பிச்சை இடது கையால் இழுத்துப் போட்ட முடிச்சு, வேர்வையில் கெட்டித்துக் கல்லாகக் கிடந்தது. என் நகம் பெயர்ந்ததே தவிர அவிழவில்லை. கடைசியில் அவன் பால்கத்தியை எடுத்து அறுத்தேன்.

"திதி குடுக்கணும்னா நாள் தெரியணுமே நவமணி" என்றாள். "அது கூட அவன்கிட்டத்தான இருந்துச்சு."

ஆடி என்பது மட்டும்தான் தெரியும். எந்த நாள், எந்த ஆற்றங்கரை, எந்த மரத்தடி, தெரிந்தவன் மேட்டுக்கடியில் கிடக்கிறான். அதனால் பக்கிரி செத்த நாளையே இருவருக்கும் வைத்துக்கொண்டாள். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு மறுநாள் சோறு பொங்கி, வாசலில் இரண்டு இலை போடுவாள். அரிசி மாவு உருண்டையும் வைப்பாள். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டு, நாங்கள் குருணில் வாடகைக்கு வந்த பிறகும் ஒரு வருஷம் தவறவில்லை. பிச்சையின் இலைக்கு முன்னால் விழுந்து கும்பிடுவாள், அங்கே ஒன்றும் பேசமாட்டாள். பிறகு பக்கிரியின் இலைக்கு முன்னால் குந்திக்கொள்வாள்.

"சாப்புடு பக்கிரி" என்பாள். "வயிறு நெறையச் சாப்புடு. சாப்புட்டுட்டு, அவரு என்ன சொன்னாருன்னு சொல்லிட்டுப் போ."

காகம் வந்து இரண்டு இலையிலும் கொத்தும். அது பறந்த பிறகும், வெயில் ஏறும்வரை, அவள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.